விருந்தினர் வருமுன் ஊர் கூடிப் பேசட்டும்: செட்டிநாட்டுக் கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுச் சிற்றூர்களின் கிராம சபைகளில் கூடி அமரும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளையோர்களுக்கும் வணக்கம்.

நான் உங்களுள் ஒருவன். காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு கண்மாய்க்கரை ஊரில் பிறந்து, இன்றும் அங்கேயே குடியிருந்து, பதினெட்டு ஆண்டுகளாக வெளியூராருக்கும் வெளிநாட்டாருக்கும் நம் பகுதியைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி வேலையில் பிழைத்து வருகிறேன். என் பிள்ளைகள் படித்தது இந்தத் தொழிலில் வந்த பணத்தால்தான். ஆகவே சுற்றுலாவை வேண்டாம் என்று சொல்ல நான் இம்மடலை எழுதவில்லை. அது இனி பெரிய வீட்டு முகப்புகளோடு நிற்காமல் உங்கள் தெருவுக்கும் வயலுக்கும் அடுப்படிக்கும் வரப்போகிறது என்பதையும், அது எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை முதலில் உங்களுக்கே உண்டு என்பதையும் சொல்லவே எழுதுகிறேன்.

இத்தகைய மடல்களை அரசுக்கு எழுதுவதே வழக்கம். அரசு தன் எண்ணத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் சுற்றுலாக் கொள்கை 2023-இல் வெளியானபோது, ஊரகச் சுற்றுலாவும் வளர்க்க வேண்டிய பிரிவுகளில் ஒன்றாக இடம்பெற்றது. அதற்கு வெகு முன்பே, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு மத்திய சுற்றுலா அமைச்சகம் நாடெங்கும் 36 இடங்களைத் தேர்ந்தெடுத்து ஊரகச் சுற்றுலாவை வளர்க்க முயன்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவற்றுள் கழுகுமலையும் நம் காரைக்குடியும் உண்டு. மத்திய அரசின் ஊரகச் சுற்றுலாத் திட்டத்தில், ஓர் இடத்தின் கட்டுமானத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலும், ஊர் மக்களின் பயிற்சிக்கும் ஆயத்தத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வரையிலும் ஒதுக்க வழி இருந்தது. இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லுக்கும் சிமென்டுக்கும் ஒதுக்கியதில் பாதிகூட மனிதர்களுக்கு ஒதுக்கப்படவில்லை. எந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யாரை யார் படம் எடுக்கலாம், வரும் பணம் எந்தக் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையெல்லாம் எந்தத் திட்ட அறிக்கையாலும் தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்கும் இடம் ஊர்ப்பொதுவில் கூடும் உங்கள் சபைதான்.

இன்று நம் பகுதிக்கு வரும் ஒருவர் என்ன பார்க்கிறார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ காரில் வருகிறார். கானாடுகாத்தானில் இரண்டு மூன்று பெரிய வீடுகளின் முகப்பையும், பர்மாத் தேக்குத் தூண்களையும், வளவு என்னும் உள்முற்றத்தையும் பார்க்கிறார். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் வண்ணப் பூக்கல் போடுவதைக் கால் மணி நேரம் பார்க்கிறார். மதியம் வாழை இலையில் சாப்பிடுகிறார். மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போய், இடிக்கப்பட்ட ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்த எனாமல் தட்டையோ மரச் செதுக்கலையோ வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது, 'தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள்' என்றே அவை குறிக்கப்பட்டன. ஊர் என்ற சொல் அங்கே இருக்கிறது. வந்து போகிறவர்களுக்கோ வீடுகள் மட்டுமே தெரிகின்றன. அந்த வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பவை, அவற்றின் உரிமையாளர்கள் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டும் வந்து போகிறவர்கள். ஆண்டு முழுவதும் இங்கே வாழ்கிற நாம் பயணிகள் எடுத்துச்செல்லும் படங்களின் ஓரத்தில், சைக்கிளோடு கடந்து போகும் உருவமாக மட்டுமே இருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழையில் என்னிடம் வந்த ஒரு முதிய பிரெஞ்சுப் பெண்மணி, இரண்டாம் நாளே வீடுகள் போதும் என்று சொல்லிவிட்டு, இவ்வளவு வறண்ட நிலத்தில் எதை நம்பி நெல் விதைக்கிறார்கள் என்று கேட்டார். நான் அவரை எங்கள் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனேன். வரத்துக்காலில் செம்மண் நீர் சுழித்து வந்துகொண்டிருந்தது. கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் எங்கள் ஊர் நீர்பாய்ச்சி, உபரி நீர் வழியும் கலுங்கின் மேல் நின்று, நீர் எந்தக் கல் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்காரனுக்கு எத்தனை நாழிகை விடுவது, தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைப்பது எப்படி, அவருடைய உழைப்புக்கு அறுவடையில் எத்தனை மரக்கால் நெல் என்று அவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். மழை வலுத்தும் அந்த அம்மையார் எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது, அந்தப் பயணத்தில் தான் கண்ட மாளிகைகளையெல்லாம் கட்டியது பணம், இந்தக் கரையைக் கட்டியது உடன்பாடு என்றார். அந்தக் கலுங்கை அதற்கு முன் நான் யாருக்கும் காட்டியதில்லை. காட்டக்கூடிய பொருள் அது என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

நம்மிடம் இருப்பவற்றை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும். திருப்பத்தூர் வட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் தங்கள் கண்மாய்களுக்கு வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த இடம் 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஊர் எடுத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. நத்தைகுத்தி நாரையையும் வக்காவையும் தொலைநோக்கியில் பார்க்க வருகிறவர், பண்டிகை நாளில் வெடியை விட்டுக்கொடுத்த பிள்ளைகளோடு ஒரு நாழிகை பேசாமல் திரும்பிப் போனால், அவர் அங்கே பார்த்தது பாதிதான். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடையோடும் வலையோடும் ஒரே சமயத்தில் இறங்கும் மீன்பிடித் திருவிழா இருக்கிறது. பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் சமைத்துத்தான் உண்ண வேண்டும் என்ற வழக்கத்தைப் பல ஊர்களில் இன்றும் காக்கிறார்கள். மட்பாண்டம் செய்யும் வேளார் வீட்டு முற்றத்தில் மண் குதிரை எழும்பி, சுட்டு, வண்ணம் பூசி, ஊர் தோள்கொடுத்து அய்யனார் கோயிலுக்குச் சுமந்து போகும் புரவி எடுப்பு இருக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கொட்டான் கூடையையும் 2019-இல் பெற்ற கண்டாங்கிச் சேலையையும் கடைத் தட்டில் மட்டும் பார்த்துப் பழகிய வெளியூரார்க்கு, பனையோலையை வார்ந்து சாயமேற்றிப் பின்னும் பெண்ணின் விரல்களும், தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருப்பவரின் நாளும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்வளவும் இருக்கிறது என்பதாலேயே எனக்கு அச்சமும் இருக்கிறது. அந்த அச்சம் என் சொந்தத் தவறிலிருந்து வந்தது.

தொழிலுக்கு வந்த புதிதில், இருபதுக்கும் மேற்பட்டோர் அடங்கிய ஒரு குழுவைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பூக்கல் பட்டறைக்கு அழைத்துப் போனேன். அந்த வேலையை அறிந்தவர்களுக்கு அதன் அவசரம் தெரியும். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ அச்சை இறக்கி, குழைத்த வண்ணச் சிமென்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கிய கையோடு உலர்ந்த மணலும் சிமென்டும் கலந்த தூளைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்ய வேண்டும். குழைத்த வண்ணம் காத்திருக்காது. அன்று என் விருந்தினர்கள் ஒவ்வொருவரும் அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், தாங்களும் ஒரு கல் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அந்த மனிதர் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒதுங்கி நின்றார். குழைத்த வண்ணம் இறுகிப் போயிற்று. எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகு அவர் அதைச் சுரண்டி வெளியே கொட்டியதை நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய அரைநாள் கூலியை நாங்கள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போயிருந்தோம். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். "விருந்தாளிக வந்தா வேணாம்னா சொல்ல முடியும்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.

விருந்தோம்பல் நமக்குப் பழக்கமானது. மறுப்புச் சொல்வது பழக்கமில்லாதது. தண்ணீர் கேட்டு வந்தவருக்கு மோர் கொடுக்கும் ஒரு மூதாட்டி, அதே மனிதர் படம் எடுக்க வேண்டும் என்றால் கூச்சத்தோடு தலையை ஆட்டிவிடுகிறார். எங்கள் ஊரில் திண்ணையில் அமர்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவின் படத்தை யாரோ ஒரு பயண நிறுவனத்தார் எடுத்து விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். ஆயாவுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரன் அதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டின் வறுமையை யாரோ விற்றுவிட்டதாகக் கலங்கிப் போய் நள்ளிரவில் எனக்குப் போன் செய்தான். வேண்டாம் என்று தனி மனிதர் சொல்லத் தயங்குகிற இடத்தில், ஊர் கூடி முன்னமே வகுத்துவைத்த ஒரு விதி அவருக்காகப் பேசும். கிராம சபைத் தீர்மானம் வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதற்காரணம் இதுவே.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியில், பன்னிப் புல்வெளியில் ஹோட்கா என்று ஓர் ஊர் உண்டு. நான் முன்னே சொன்ன அதே 36 இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே விருந்தினர் தங்குவதற்கு, மண்ணால் வட்டமாகக் கட்டிய புங்கா வீடுகளைக் கொண்ட ஷாம்-ஏ-சரஹத் என்னும் விடுதி எழுந்தது. அதை நடத்துவது ஊரின் குழு. வெள்ளை உப்புப் பாலையைக் காண வரும் கூட்டத்தின் ஒரு பகுதி அந்த ஊர்க்காரர்களின் கணக்கில் பணமாகச் சேர்கிறது. பூத்தையல் போடும் பெண்கள் தங்கள் வேலையைத் தங்கள் ஊரிலேயே விற்கிறார்கள்.

கேரளத்தின் குமரகம் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். காயலோரத்தில் பெரிய விடுதிகள் வரிசையாக வந்துவிட்ட பின்னும், ஊர் மக்களுக்கு அதனால் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அங்கே இருந்தது. 2008-இல் கோவளம், தேக்கடி, வயநாடு ஆகியவற்றோடு குமரகத்திலும் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது, முதற்படி அடுக்களையிலிருந்து வைக்கப்பட்டது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் காய்கறி விளைவித்தன. அந்தக் காய்கறியை விடுதிகள் வாங்கின. கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் காண வருகிறவர்கள் அதற்கென ஒரு தொகை தந்தார்கள். அது அந்த வேலையைச் செய்கிறவரின் கைக்கே சென்றது. இந்த ஏற்பாடு 2013-ஆம் ஆண்டுக்கான உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருதைப் பெற்றது. விருது பெரிதில்லை. காரைக்குடிப் பக்கத்து விடுதிகளின் கத்தரிக்காய் எந்த ஊர்ச் சந்தையிலிருந்து வருகிறது, அங்கே விரிக்கும் வாழை இலை யார் தோட்டத்தது என்று நம் மகளிர் குழுக்கள் ஒரு முறை போய்க் கேட்டுவிட்டு வந்தாலே, நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இனி, உங்கள் சபையில் நீங்கள் பேச வேண்டும் என்று நான் கருதுவனவற்றைச் சொல்கிறேன். முதலாவது காலம். வெளிநாட்டார் பெரும்பாலும் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் வருகிறார்கள். நம் மானாவாரி நிலத்தில் களையெடுப்பும் கதிரறுப்பும் அதே மாதங்களில்தான். அதிகாலையில் எழுந்து சமைத்துவிட்டு வயலுக்கு ஓடும் பெண்ணிடம், விருந்தினருக்கு வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சுட்டுக்கொடு என்று கூடுதலாக ஒரு வேலையைச் சுமத்திவிட்டு, அதைக் கிராமிய அனுபவம் என்று நாம் பெயர் சூட்டிவிடக்கூடாது. வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதா என்ற முடிவை அந்த வீட்டுப் பெண்ணே எடுக்க வேண்டும், வரும் பணமும் அவர் பெயரிலுள்ள கணக்கில் சேர வேண்டும். வயல் வேலைக்கு இடையூறு இல்லாத நாட்கள் எவை, பங்குனியிலும் வைகாசியிலும் நடக்கும் புரவி எடுப்புக்கும் மீன்பிடிக்கும் எத்தனை பேரை ஏற்கலாம், காப்புக் கட்டிய பிறகு வெளியார் தங்கலாமா கூடாதா, துக்க வீடு இருக்கும் தெருவில் அன்றைக்கு யாரும் வரக்கூடாது என்பதை எப்படித் தெரிவிப்பது என்பவற்றுக்கெல்லாம் ஊரின் நாட்காட்டி முந்தியதாக இருக்கட்டும். பயண நிறுவனங்கள் அதற்கேற்பத் தம் நாட்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

அளவைப் பற்றியும் பேச வேண்டும். மத்திய அரசின் இல்லத் தங்கல் விதிப்படி, உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும், வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேற்படக்கூடாது. நம் ஊர்களுக்கு ஆறும் அதிகம் என்பது என் கருத்து. மழைநீரை வளவில் பிடித்து மீதத்தை ஊருணிக்கு அனுப்பக் கற்ற ஊர்கள் நம்முடையவை. ஒரு விருந்தினர் நாளொன்றுக்குச் செலவழிக்கும் தண்ணீர் எந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது, அவர் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் பாட்டில்கள் எந்தக் கண்மாய் உள்வாயில் போய்க் கிடக்கும் என்று முன்கூட்டியே கேட்காவிட்டால், நாம் காட்ட அழைத்ததையே நாம் இழப்போம்.

அடுத்ததைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கிராம வாழ்க்கை என்று சொல்லி நாம் எந்தத் தெருவைக் காட்டப் போகிறோம்? ஊரும் குடியிருப்பும் இன்னும் பிரிந்து கிடக்கிற இடங்களில், சுற்றுலாக் குழு என்ற பெயரில் ஒரே தெருவைச் சேர்ந்த நாலு பேர் கூடிக்கொண்டால், வருகிறவர் பார்ப்பது ஊரில் பாதியாகத்தான் இருக்கும். கிடைக்கும் பணமும் அந்தப் பாதியைத் தாண்டாது. கண்மாயைக் காத்த நீர்பாய்ச்சிகளின் குடும்பங்களும், நடவு நட்டுக் கதிரறுத்த கைகளும், திருவிழாவுக்குப் பறை முழக்கியவர்களும் பெரும்பாலும் அந்த மற்றப் பாதியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையைக் காட்டி வரும் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லாமலும், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டை விருந்தினருக்குப் பரிமாறும் வாய்ப்பு இல்லாமலும் ஒரு திட்டம் நடந்தால், பழைய அநீதிக்குப் புதிய வருமானம் சேர்த்த குற்றம் நம்மைச் சேரும். எல்லாத் தெருக்களும் சமமாக உட்காரும் உரிமையைச் சட்டம் தந்திருக்கும் இடம் கிராம சபை ஒன்றுதான். குழுவை வேறெங்கும் அமைக்காதீர்கள், அங்கேயே அமையுங்கள். எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் இருக்கட்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும், கணக்கைச் சபையில் உரக்கப் படிக்கட்டும்.

இடையே ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் வந்து போகும் கானாடுகாத்தான் பேரூராட்சியாக இருப்பதால் அங்கே கிராம சபை கிடையாது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது சுற்றியுள்ள ஊராட்சிகள் சிலவும் அதனோடு இணைந்ததால், அந்த ஊர்களும் தங்கள் கிராம சபையை இழந்தன. எஞ்சியிருக்கும் ஊராட்சிகள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி ஒரு நல்ல முன்மாதிரியை உண்டாக்கினால், சபை இல்லாத ஊர்களும் வார்டு கூட்டங்களில் அதை எடுத்துவைத்துக் கேட்க முடியும்.

கூலியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பட்டறையில், தறியில், வேளார் முற்றத்தில் ஒருவர் வேலையை நிறுத்தி விளக்கிச் சொன்னால், அந்த நேரத்துக்கு அவர் ஈட்டக்கூடியதை விடக் குறையாத தொகையை வழிகாட்டி அந்த இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அதை அன்பளிப்பு என்று அழைக்கக்கூடாது. பூக்கல் பட்டறையில் நடந்ததற்குப் பிறகு நான் அப்படித்தான் செய்து வருகிறேன். அதனால் எனக்குப் பயணிகள் குறைந்ததில்லை. ஏன் தருகிறோம் என்று சொன்னால் அவர்கள் மகிழ்ந்தே தருகிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் பேனாவும் மிட்டாயும் காசும் தர நான் யாரையும் விடுவதில்லை. காரைக் கண்டதும் கை நீட்டி ஓடிவரும் பிள்ளைகளைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களை அப்படிப் பழக்கியது எங்களைப் போன்றவர்கள்தான்.

நம் இளைஞர்களில் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். ஊரில் இருந்தபடியே வரலாறும் பறவையும் நீரும் பயிரும் பேசிப் பிழைக்க முடியும் என்று ஒரு பத்துப் பேருக்காவது காட்ட முடிந்தால், அவர்களில் சிலர் திரும்பி வருவார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். எங்கள் ஊரிலிருந்து இருவர் அப்படி வந்திருக்கிறார்கள். ஒருவர் தன் தாத்தாவிடம் நீர்முறை கற்றுக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 2 அன்று உங்கள் ஊர்களில் கிராம சபை கூடும். அன்றைய பொருள்களில் ஒன்றாக 'விருந்தினரை ஏற்பது பற்றிய ஊர் விதிகள்' என்பதைச் சேர்க்குமாறு ஊராட்சி அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கொடுங்கள். நம் ஊருக்கு யாரும் வர வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது முழுமையான முடிவே. அதையும் தீர்மானமாக எழுதி வையுங்கள், நான் அந்த ஊருக்கு யாரையும் அழைத்து வரமாட்டேன். வரலாம் என்று முடிவெடுக்கும் ஊர்கள், எத்தனை பேர், எந்த நாட்கள், எந்தத் தெருக்கள், என்ன கட்டணம், கட்டணம் யாருக்கு என்று தெளிவாக எழுதி, தீர்மான நகலை மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கும் நம் பகுதியின் விடுதிகளுக்கும் அனுப்புங்கள். எங்கள் ஊர்த் தீர்மானத்தின் வரைவை நானும் அந்த இரு இளைஞர்களும் எழுதத் தொடங்கிவிட்டோம். பூக்கல் போடும் அந்தப் பெரியவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, காலை பதினொரு மணிக்கு முன்னால் பட்டறைக்கு யாரும் வரக்கூடாது என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் ஊர்களின் வழிகாட்டி ஒருவன்